எட்டுப் பங்கு

குழித்துறையில் எண்ணெய் மில் வரப்போகிறது என்ற செய்தியை 1926-இல் முள்ளுவிளைப் பெண்களுக்கு வாசித்துக் காட்டியவள் ஞானபாய் டீச்சர்தான். மேற்குக்கரை எண்ணெய்க் கம்பெனி என்று பெயர். தேங்காய் எண்ணெய் ஆட்டும் மில். பங்கு ஒன்றுக்குப் பத்து ரூபாய், யார் வேண்டுமானாலும் வாங்கலாம், பெண்கள் பெயரிலும் வாங்கலாம் என்று பத்திரிகையில் போட்டிருந்தது.

ஞானபாய்க்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மிஷன் பெண்பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷமாக டீச்சர். கலியாணம் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஓட்டுவீட்டில் தனியாக இருந்தாள். சனிக்கிழமைகளில் லேஸ் பின்னும் பெண்கள் அங்கே வருவார்கள். ஒரு வாரம் பின்னியதைக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரத்துக்கு நூல் வாங்கிப் போவார்கள். லேஸைச் சீமைக்கு அனுப்புவது மிஷன் துரைசாணியின் வேலை. அளந்து வாங்கிக் கூலி கொடுப்பது ஞானபாயின் வேலை. அது முடிந்ததும் அவள் பத்திரிகை வாசிப்பாள். பெண்கள் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள்.

லேஸ் பணம் அந்தப் பெண்களின் சொந்தப் பணம். வீட்டு ஆண்கள் அதில் கைவைப்பதில்லை. அதை என்ன செய்வது என்று அவர்களுக்குப் பெரிய யோசனை இருந்தது. பனையேறியின் மனைவி பூங்கனி தன் பணத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். விதவையான நேசபாய் துணியில் முடிந்து இடுப்பிலேயே வைத்திருந்தாள். குளோரிக்கு அப்போது பதினேழு வயது. கலியாணத்துக்கு என்று அவள் சேர்த்ததை டீச்சரிடமே கொடுத்து வைத்திருந்தாள்.

"டீச்சர் வாங்கினா நாங்களும் வாங்குகோம்," என்றாள் நேசபாய்.

ஞானபாய் எட்டுப் பங்கு வாங்கினாள். பதினோரு பெண்கள் சேர்ந்து முப்பத்தொரு பங்கு வாங்கினார்கள். நேசபாய் நாலு, பூங்கனி ஐந்து, குளோரி ஆறு. முதல் இரண்டு வருஷமும் கிறிஸ்துமசுக்கு முன்னால் பங்குக்கு ஒன்றேகால் ரூபாய் லாபம் வந்தது. பூங்கனி அந்தப் பணத்தில் ஒரு ஆட்டுக்குட்டி வாங்கினாள். ஊரில் ஞானபாயின் மதிப்பு ஏறியது. சனிக்கிழமை வாசிப்பில் ஆலப்புழைச் சந்தை நிலவரமும் சேர்ந்துகொண்டது. ஒரு கண்டி எடை எண்ணெய்க்கு இத்தனை ரூபாய், கொப்பரை இத்தனை ரூபாய் என்று அவள் வாசிப்பாள். பெண்கள் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். தன்னை இத்தனை பேர் கவனித்துக் கேட்பது ஞானபாய்க்குப் பிடித்திருந்தது. அவளுக்குத் தெரியாததையும் தெரிந்ததுபோல் சொல்லும் பழக்கம் அப்போதுதான் வந்தது.

1929 கடைசியில் விலை இறங்க ஆரம்பித்தது. இருநூற்றைம்பதில் இருந்த எண்ணெய் இருநூறுக்கு வந்தது. அடுத்த வருஷம் நூற்றைம்பது. அந்தக் கிறிஸ்துமசுக்கு லாபம் வரவில்லை.

"டீச்சர், எனக்கு ஒரு சம்சயம்," என்றாள் பூங்கனி ஒருநாள். "எண்ணெய்க்க வெல எறங்கினா கொப்பரைக்க வெலயும் எறங்கும்லா? மில்லுகாரன் வாங்குகதும் கொறச்சு, விக்குகதும் கொறச்சு. பின்ன அவனுக்கு எங்க நட்டம்?"

அது நல்ல கேள்வி. ஞானபாய்க்குப் பதில் தெரியவில்லை.

"நட்டம் ஒண்ணும் பெருசா இருக்காது. கொஞ்ச நாள் பொறுத்தா சரியாவும்," என்றாள்.

பெண்கள் தலையாட்டிவிட்டு ஊசியை எடுத்தார்கள்.

பதிலை அவள் தெரிந்துகொண்டது 1931 பிப்ரவரியில். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது சுந்தரராஜ் சைக்கிளில் வந்தான். அதே ஊர்க்காரன், எண்ணெய்க் கம்பெனியில் குமாஸ்தா. அவளை வாசலுக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"டீச்சர், கருங்கல் ஊர்ல ஒரு கொப்பர வியாபாரி. கம்பெனியில டைரக்டரா நிக்கணும்னு ஆச. அதுக்கு அம்பது பங்கு கையில வேணும். அவருக்கு எட்டு கொறவு. உங்க பேர்ல எட்டு உண்டும். பங்குக்கு ஏழு ரூவா தருவாரு."

"பத்து ரூவா பங்காச்சே."

"இப்ப ரெண்டு ரூவாய்க்குக்கூட கேக்க ஆள் இல்ல. இலங்கைக் கொப்பர கப்பல்ல வந்து எறங்குகு. நம்ம கொடவுன்ல கெடக்கது வெல கூடுதலா இருந்தப்ப வாங்கினது. அத ஆட்டி விக்கியதுக்குள்ள எண்ணெய் வெல இன்னும் எறங்கிருது. ஆட்ட ஆட்ட நட்டம்தான்."

பூங்கனி கேட்டதற்கு இதுதான் பதில் என்று ஞானபாய்க்கு உடனே விளங்கியது.

"மத்த பொம்பளையளுக்கும் உண்டும். அவங்ககிட்டயும் ஒரு வார்த்த கேட்டு..."

"எட்டுதான் வேணும் டீச்சர். ஒரே பேர்ல இருந்தா எழுத்துக்கு லேசு. நீங்க வேண்டாம்னா நாளைக்கு வேற ஆளப் பாப்பாரு."

அவள் யோசித்தது எவ்வளவு நேரம் என்று அவளுக்கே பிறகு சரியாகச் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் இருந்தார்கள். எட்டாம் வாய்ப்பாடு தொடங்கும்போது அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மறுநாள் குழித்துறைக்குப் போய்ப் பணத்தை வாங்கினாள். சுந்தரராஜ் பெரிய பேரேட்டை விரித்தான். முள்ளுவிளைக்காரர்களின் பெயர்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக இருந்தன. முதல் வரியில் இருந்த ஞானபாய் என்ற பெயரின் மேல் அவன் சிவப்பு மையால் கோடு இழுத்தான். கீழே நேசபாய், பூங்கனி, குளோரி என்று மற்றப் பெயர்கள் கறுப்பாகவே இருந்தன. ஐம்பத்தாறு ரூபாயையும் அவள் அஞ்சலாபீஸ் சேமிப்பில் போட்டாள்.

அந்தப் பணத்துக்கான அவசரத் தேவை எதுவும் அவளுக்கு இல்லை. அதுதான் அவளை மிகவும் குத்தியது. மகளுக்காக என்று சொல்லிக்கொள்ள மகள் இல்லை. வைத்தியச் செலவு என்று சொல்ல நோய் இல்லை. எட்டில் நாலை விற்று, மீதி நாலுக்கு நேசபாயைக் கூப்பிட்டிருக்கலாம். எட்டுப் பெண்களிடமிருந்து ஒவ்வொரு பங்காக எடுத்துக்கொள்ளச் சொல்லி சுந்தரராஜிடம் கெஞ்சியிருக்கலாம். ஒருநாள் தவணை கேட்டிருக்கலாம். அவள் பயந்தாள், விற்றாள். அவ்வளவுதான் நடந்தது.

அந்தச் சனிக்கிழமையே சொல்லிவிடுவது என்று இருந்தாள். பெண்கள் வந்தார்கள். லேஸை அளந்து முடித்தாள். பத்திரிகையை விரித்தாள்.

"நமக்க கம்பெனி எப்படி உண்டும் டீச்சர்?" என்று குளோரி கேட்டாள்.

"வெல இன்னும் எறங்கியிருக்கு. நாம பொறுத்துப் பாப்போம்."

நாம என்ற சொல் அவள் வாயிலிருந்து தானாக வந்தது. அதைத் திரும்ப எடுக்க அவளால் முடியவில்லை. அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தச் சொல்லை அவள் சொல்ல வேண்டியிருந்தது. சந்தை நிலவரத்தை வேகமாக வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவாள். பெண்களின் முகத்தைப் பார்க்காமல் கூலி கொடுக்கப் பழகினாள்.

1932 கோடையில் எதிர்பாராமல் எண்ணெய் விலை ஏறியது. தொண்ணூற்றைந்தில் கிடந்தது நூற்றிருபது ஆயிற்று. பூங்கனி சந்தையிலிருந்து ஒரு செய்தி கொண்டுவந்தாள். குழித்துறையில் ஒரு வெற்றிலை மொத்த வியாபாரி, விலை இன்னும் ஏறும் என்று நம்பிக் கம்பெனிப் பங்குகளை நாலு ரூபாய்க்கு வாங்குகிறானாம்.

"எத்தன பங்கு கொண்டு போனாலும் எடுக்கானாம். விப்பமா?" என்றாள் பூங்கனி.

"பத்து குடுத்து வாங்கினத நாலுக்கா?" என்றாள் நேசபாய். "ஏறுகதுன்னா இன்னும் ஏறும்லா. ஆறு ஆவட்டும்."

"ஏறும்போதானே வாங்க ஆள் வருவான். எறங்கினா எவன் வருவான்? நாலுன்னா எனக்கு இருபது ரூவா கிட்டும். ஆடு வாங்குவேன், அது குட்டியாவது போடும்."

"எனக்கு இருவத்தி நாலு," என்றாள் குளோரி மெதுவாக. அவளுக்குக் கருங்கல் பக்கம் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அரைமணி நேரம் பேசினார்கள். விற்கலாம் என்று நாலு பேர், பொறுக்கலாம் என்று நாலு பேர். மற்றவர்கள் டீச்சரைப் பார்த்தார்கள்.

பூங்கனி சொல்வதுதான் சரி என்று ஞானபாய்க்குத் தெரியும். மில்லின் நிலைமை மாறவில்லை, கடன் ஏறியிருக்கிறது என்று சுந்தரராஜ் போன மாதம்தான் சொல்லியிருந்தான். விற்றுவிடுங்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், திங்கட்கிழமை காலையில் பதினோரு பேரும் பத்திரத்தை எடுத்துக்கொண்டு குழித்துறைக்குப் போவார்கள். டீச்சரும் வாங்க என்பார்கள். பேர் மாற்றுவதற்குக் கம்பெனி ஆபீஸில் பேரேட்டை விரிப்பார்கள். அந்தப் பக்கத்தின் முதல் வரியில் சிவப்புக் கோடு இருக்கும். குளோரிக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். ஞானபாய்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தாள்.

"எனக்க அபிப்பிராயம், இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்," என்றாள்.

"டீச்சர் எப்ப விக்காங்களோ அப்ப நாமளும் விப்போம்," என்றாள் நேசபாய்.

பூங்கனிக்கு அரைமனது. ஆனாலும் அவளே மற்றவர்களுக்குச் சமாதானம் சொன்னாள். "நமக்கு நாலு, அஞ்சு. டீச்சருக்கு எட்டு கெடக்கு. அவங்களே பயப்படல்ல. பின்ன நமக்கு என்ன?"

ஞானபாய் மீதி நூல்கண்டுகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள். ஏற்கெனவே அடுக்கியிருந்ததைக் கலைத்துவிட்டு மறுபடியும் அடுக்கினாள்.

முதல்முறை செய்தது பயத்தால் என்று அவள் தனக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். இந்த முறை அப்படிச் சொல்ல வழியில்லை. தன் மானம் போகாமல் இருக்க, முப்பத்தொரு பங்கையும் அவள் மூழ்கவிட்டிருந்தாள். இரண்டு மாதத்தில் எண்ணெய் மறுபடி தொண்ணூறுக்குக் கீழே போனது. வெற்றிலை வியாபாரி வாங்குவதை நிறுத்தினான். சந்தை நிலவரத்தை இனி வாசிக்க வேண்டாம் என்று பெண்களில் யாராவது சொல்லமாட்டார்களா என்று அவள் ஏங்கினாள். யாரும் சொல்லவில்லை.

1933 செப்டம்பரில் கம்பெனியை மூடினார்கள். கடன்காரர்களுக்குக் கொடுத்தது போக மீதி இருப்பதைப் பங்குக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கக் கோர்ட்டு ஒரு வக்கீலை நியமித்தது. பங்குக்காரர்கள் எல்லாரும் இன்ன தேதியில் மில் கொட்டகைக்கு நேரில் வரவேண்டும் என்று தபாலில் கடிதம் வந்தது. பதினோரு பெண்களுக்கும் வந்தது. ஞானபாய்க்கு வரவில்லை.

"உங்களுக்குக் கடுதாசி வந்துதா டீச்சர்?" என்று குளோரி கேட்டாள்.

"வந்துது," என்றாள் ஞானபாய்.

அன்றைக்குத் தலைவலி என்று படுத்துக்கொள்ள நினைத்திருந்தாள். காலையில் பெண்கள் வெள்ளைச் சேலை உடுத்து, பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்கள். ஆபீஸுக்குப் போய்ப் பழக்கமில்லாதவர்கள். டீச்சர் கூட வந்தால் தைரியமாக இருக்கும் என்றார்கள். அவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நாலு மைல் நடந்தார்கள். குழித்துறைப் பாலத்தை அடையும்வரை, இப்போது சொல்லிவிடலாம், அந்த வளைவு வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

மில் கொட்டகையில் பழைய கொப்பரையின் சிக்கு வாடை அடித்தது. நூறு பேருக்குமேல் இருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார்கள், சிறு வியாபாரிகள், தோப்புக்காரர்கள், ஓய்வுபெற்ற ஒரு போலீஸ்காரர். சத்தம் அதிகம் இல்லை. வக்கீல் மேசைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் புதிய குமாஸ்தா ஒருவன் பேரேட்டை வைத்துக்கொண்டு நின்றான். சுந்தரராஜ் ஆறு மாதத்துக்கு முன்பே வேலையை விட்டுக் கொழும்புக்குப் போயிருந்தான். பங்கு ஒன்றுக்குப் பதினாலு சக்கரம், அதாவது அரை ரூபாய் கிடைக்கும் என்று வக்கீல் அறிவித்தார்.

ஊர் ஊராகப் பெயர் கூப்பிட்டார்கள். முள்ளுவிளை வந்தது. நேசபாய் போய் வாங்கினாள். பூங்கனி கைநாட்டு வைத்து வாங்கினாள். குளோரி கையெழுத்துப் போட்டாள். பதினோரு பேரும் வாங்கி முடித்ததும் குமாஸ்தா அடுத்த ஊரின் பெயரைச் சொன்னான்.

குளோரி மேசையை விட்டு நகரவில்லை.

"சார், எங்க டீச்சருக்க பேர விட்டுட்டீங்க."

"யாரு?"

"ஞானபாய். பள்ளிக்கூடத்து டீச்சர். எட்டுப் பங்கு உண்டும்."

குமாஸ்தா பக்கத்தைப் பார்த்தான். "அப்படி ஒரு பேர்ல இப்ப பங்கு இல்ல."

"இல்லாம எப்படிப் போவும்?" பூங்கனி முன்னால் வந்தாள். அவள் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. "எங்களுக்கு வாங்கித் தந்ததே அவங்கதான். பாவப்பட்டவங்கன்னு ஏமாத்தப் பாக்கியளா? நல்லாப் பாத்துச் சொல்லும்."

"பூங்கனி, விடு," என்றாள் ஞானபாய். யாருக்கும் கேட்கவில்லை.

வக்கீல் பேரேட்டைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "ஞானபாய். எட்டுப் பங்கு. 1931 பிப்ரவரியில் வித்து மாத்தியாச்சு. ரூபாய் ஐம்பத்தாறு பெற்றுக்கொண்டதுக்குக் கையெழுத்து இருக்கு." பேரேட்டைத் திருப்பிப் பெண்கள் பக்கம் காட்டினார். "இது உங்க டீச்சர் கையெழுத்துதானா?"

குளோரி குனிந்து பார்த்தாள். ஐந்து வருஷம் சிலேட்டில் பார்த்த எழுத்து. அவள் நிமிர்ந்து ஞானபாயைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். டீச்சர் ஏதாவது சொல்லி இதைச் சரிசெய்துவிடுவாள் என்று அவள் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்க கையெழுத்துதான்," என்றாள் ஞானபாய்.

பூங்கனி வக்கீல் பக்கம் திரும்பினாள். தாறுமாறாகப் பேசியதற்காக, "பொறுத்துக்கிடணும் சார், எங்களுக்குத் தெரியாது," என்றாள். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் தன் ஊர்ப் பெயரைக் கேட்டு எழுந்து மேசைக்கு வந்தார். பெண்கள் வழிவிட்டு வெளியே போனார்கள்.

திரும்பும்போது அவர்கள் முன்னால் நடந்தார்கள், ஞானபாய் பின்னால் நடந்தாள். யாரும் அவளை விலக்கவில்லை. அவளுக்குத்தான் அவர்களோடு சேர்ந்து நடக்கக் கால் வரவில்லை. பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பூங்கனி நின்றாள். ஞானபாய் வந்து சேரும்வரை காத்திருந்து கேட்டாள்.

"போன வருசம், நாலு ரூவாய்க்கு விப்பமான்னு நான் கேட்டப்ப, நீங்க வித்து ஒரு வருசம் ஆச்சுதா?"

"ஆச்சு."

"பின்ன ஏன் பொறுக்கச் சொன்னிய?"

"பேரேட்ட பாத்தா நீங்க தெரிஞ்சுகிடுவீங்கன்னு பயந்தேன்."

பூங்கனி, "இதுக்கா," என்றாள். பிறகு முன்னால் போய்விட்டாள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அந்த ஒரு சொல்லைப்போல் உறைத்திருக்காது.

அடுத்த சனிக்கிழமை ஞானபாய் அஞ்சலாபீஸிலிருந்து எடுத்த ஐம்பத்தாறு ரூபாயை மேசைமேல் வைத்தாள். "பங்குக்கு நாலு ரூவா கணக்குக்கு இது காணாது. மீதிய எனக்க சம்பளத்துல இருந்து மாசாமாசம் தாறேன்," என்றாள். மன்னிக்கச் சொல்லிக் கேட்க நினைத்தாள். கேட்டால் அவர்கள் மன்னித்தோம் என்று சொல்லியாக வேண்டும், அதையும் அவர்கள் தலையில் வைக்கக்கூடாது என்று தோன்றியது.

நேசபாய்தான் முதலில் கையை நீட்டினாள். "எனக்கு வேணும் டீச்சர். வேண்டாம்னு சொல்ல எனக்கு வழி இல்ல," என்றாள். அவள் குரலில் கூச்சம் இருந்தது. தன்னால் அவள் கூச்சப்படவேண்டி வந்ததே என்று ஞானபாய்க்கு இருந்தது. மற்றவர்களும் வாங்கிக்கொண்டார்கள். குளோரி வாங்கும்போது அழுதாள். கருங்கல் சம்பந்தம் பணம் போதாமல் தட்டிப்போய்விட்டது என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

ஊருக்குத் தெரிந்துவிடும் என்று ஞானபாய் காத்திருந்தாள். போதகர் கூப்பிடுவார், துரைசாணி கடிதம் எழுதுவாள், வேலை போகும். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. கடையில் ஆண்கள் எப்போதும்போல, "டீச்சர், சுகந்தானா?" என்று கேட்டார்கள். அந்த மரியாதை அவளுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

அந்த மாதக் கடைசி ஞாயிறு திருவிருந்து ஆராதனை. பிரசங்கம் முடிந்ததும் பிள்ளைகளும் திருவிருந்தில் சேராதவர்களும் எழுந்து போவார்கள், மற்றவர்கள் பாயில் இருப்பார்கள். ஞானபாய் வேதப்புத்தகத்தை மூடிக்கொண்டு பிள்ளைகளோடு எழுந்தாள். இருபது வருஷத்தில் அவள் அப்படி எழுந்ததில்லை. பக்கத்துப் பாயில் இருந்த பூங்கனி அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"எங்க போறிய?"

"நான் இருக்கக்கூடாது பூங்கனி. இந்தப் பாவத்தோட அப்பம் எடுக்கக்கூடாது."

"இரியும்." பூங்கனி குரலை உயர்த்தாமல் பேசினாள். "நீங்க எழும்பிப் போனா டீச்சருக்கு என்னன்னு ஊரு கேக்கும். நாங்க என்ன சொல்லணும்? பொம்பளையளுக்கு என்னத்துக்கு கம்பெனின்னு எனக்க வீட்டுக்காரரு அண்ணைக்கே சொன்னாரு. மில்லு பூட்டினதுனால போச்சுன்னு மட்டும்தான் வீட்டுல சொல்லியிருக்கேன். எழுத்துத் தெரிஞ்ச ஒருத்தி கையில எல்லாரும் போய் ஏமாந்தோம்னு சொல்லல்ல. நேசபாயும் சொல்லல்ல, குளோரியும் சொல்லல்ல. எங்களுக்கும் வெக்கம் உண்டும் டீச்சர்."

பிள்ளைகள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஞானபாய் உட்கார்ந்தாள். தன்னை அவர்கள் காப்பாற்றினார்கள் என்று நினைக்க ஒரு கணம் ஆசைப்பட்டாள். அது அப்படி இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அப்பத்தட்டு பெண்கள் வரிசையில் கைமாறி வந்தது. நேசபாய் எடுத்தாள், குளோரி எடுத்தாள். பூங்கனி தன் துண்டை எடுத்துக்கொண்டு, தட்டை ஞானபாயிடம் நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஞானபாய் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள்.